மாநில வங்கிகள் தேசிய வங்கிகளாக மாறியது: 1860-களின் அமெரிக்கா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய அமெரிக்க நோட்டு சேகரிப்பவர்களும் பொருளாதார வரலாறு படிக்கும் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. எளியவை முதலில் வருகின்றன, சிக்கலானவை போகப் போக வரும்.

தேசிய வங்கி என்றால் நம்ம ஊரில் 1969-ல் நடந்த மாதிரி அரசாங்கம் எடுத்துக்கொண்டதா?

இல்லை. குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. அமெரிக்கத் தேசிய வங்கி முழுக்க முழுக்கத் தனியார் வங்கி. பங்குதாரர்கள், இயக்குநர்கள், லாபம், நஷ்டம் எல்லாம் தனியாருடையவை. அரசு ஒரு பங்குகூட வாங்கவில்லை. மாறியது, தொழில் நடத்த உரிமம் கொடுப்பவர் யார் என்பது மட்டுமே. அதுவரை மாநிலச் சட்டமன்றமோ மாநிலத்தின் வங்கித் துறையோ உரிமம் தந்தது. மாறிய பிறகு வாஷிங்டனில் கருவூலத் துறைக்குள் உட்கார்ந்திருக்கும் கரன்சி கன்ட்ரோலர் தந்தார். கண்காணிப்பும் அவருடையதே.

அதற்கு முன்னால் ஒவ்வொரு வங்கியும் சொந்தமாக நோட்டு அடித்ததாமே, உண்மையா?

உண்மை. உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861 வாக்கில் சுமார் 1,600 மாநில வங்கிகள் இருந்தன. மொத்தம் 7,000 வகைக்குக் குறையாத நல்ல நோட்டுகள் புழங்கின. கள்ள நோட்டுகளும் திருத்திய நோட்டுகளும் இந்தக் கணக்கில் சேராதவை. ஊரைவிட்டு வெளியே போகப் போக நோட்டின் மதிப்பு குறையும். இந்த ஊரில் முழு டாலராகச் செல்லும் நோட்டை அடுத்த மாநிலத்தில் சில சதவீதம் பிடித்துக்கொண்டுதான் வாங்குவார்கள். கடைக்காரர்கள் எது கள்ள நோட்டு, எந்த வங்கி மூழ்கியது என்று பட்டியலிடும் பருவ இதழ்களைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். அப்படி ஒரு இதழ் நடத்தியவர் ஜான் தாம்சன். தேசிய வங்கிச் சட்டம் வந்ததும் 1863-ல் நியூயார்க்கின் முதல் தேசிய வங்கியைத் தொடங்கியவரும் அவரே.

சட்டம் 1863-ஆ, 1864-ஆ? இரண்டு வருடமும் எழுதியிருக்கிறார்களே.

இரண்டும் சரி. 1863 பிப்ரவரி 25-ல் லிங்கன் கையெழுத்திட்டது முதல் சட்டம். போருக்குப் பணம் வேண்டும், அரசுக் கடன் பத்திரங்களை வாங்க ஆள் வேண்டும், நாடு முழுக்க ஒரே மாதிரி நோட்டும் வேண்டும் என்று நிதியமைச்சர் சால்மன் சேஸ் கொண்டுவந்த திட்டம் அது. அதில் ஓட்டைகள் நிறைய இருந்தன. முழுவதையும் திருத்தி எழுதி 1864 ஜூன் 3-ல் இரண்டாவது சட்டம் வந்தது. மாநில வங்கி நேரடியாக மாறுவதற்கு எல்லோரும் மேற்கோள் காட்டும் 44-ம் பிரிவு இந்த இரண்டாவது சட்டத்தில் இருக்கிறது. கீழே எண் சொல்லும் இடங்களில் எல்லாம் 1864 சட்டத்தையே குறிப்பிடுகிறோம்.

இவ்வளவு நல்ல திட்டம் என்றால் முதலில் ஏன் யாரும் மாறவில்லை?

பெயர் ஒரு பெரிய காரணம். முதல் கன்ட்ரோலர் ஹியூ மெக்கல்லக், வங்கிகளுக்கு வரிசை எண்ணே பெயராக இருக்க வேண்டும் என்றார். ஒரு ஊரில் முதலாவது தேசிய வங்கி, இரண்டாவது தேசிய வங்கி என்று போகும். ஐம்பது அறுபது வருடம் பெயர் எடுத்த வங்கி, நேற்று முளைத்த வங்கிக்குப் பின்னால் ‘ஏழாவது’ என்று பலகை மாட்டிக்கொள்ளுமா? நியூயார்க் கிளியரிங் ஹவுஸ் (வங்கிகள் தங்களுக்குள் கணக்குத் தீர்க்கும் அமைப்பு) வங்கிகள் வெளிப்படையாகவே எதிர்த்தன. இத்தனைக்கும் மெக்கல்லக் இண்டியானா மாநில வங்கியின் தலைவராக இருந்தவர். 1862-ல் இதே திட்டத்தை எதிர்த்து வாஷிங்டன் போனவர். பழைய பெயரோடு ‘தேசிய’ என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டால் போதும் என்று அவர் பிறகு இறங்கி வந்தார்.

இரண்டாவது காரணம் பங்குதாரரின் இரட்டைப் பொறுப்பு. தேசிய வங்கி முழுகினால், போட்ட பணம் போவதோடு பங்கின் முகமதிப்பு அளவுக்கு இன்னொரு தொகையையும் பங்குதாரர் கட்ட வேண்டும். இதில் ஒரு வேடிக்கையான விதிவிலக்கு உண்டு. ஏற்கெனவே இயங்கும் மாநில வங்கி, செலுத்தப்பட்ட மூலதனம் 50 லட்சம் டாலருக்குக் குறையாமலும் உபரி நிதி அந்த மூலதனத்தில் 20 சதவீதமும் வைத்திருந்தால் அதன் பங்குதாரருக்கு இரட்டைப் பொறுப்பு இல்லை என்கிறது 12-ம் பிரிவு. நியூயார்க்கின் பேங்க் ஆஃப் காமர்ஸை இழுப்பதற்கென்றே தைத்த சட்டை அது. அந்த வங்கியும் மாறியது.

எவ்வளவு மூலதனம் இருக்க வேண்டும்?

ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்தது. பொதுவான அடிமட்டம் 1,00,000 டாலர். 6,000 பேருக்கு மேல் இல்லாத ஊரில், நிதியமைச்சரின் ஒப்புதலோடு 50,000 டாலர் போதும். 50,000 பேருக்கு மேல் வாழும் நகரத்தில் 2,00,000 டாலர். புதிதாகத் தொடங்கும் வங்கி பாதி மூலதனத்தைக் கையில் வைத்துக்கொண்டு திறக்கலாம். மீதியை மாதம் 10 சதவீதத் தவணையாகச் சேர்க்கலாம்.

மாறும் வங்கிக்கும் இதே அடிமட்டம்தான். ஒரே சலுகை பங்கின் முகமதிப்பில். புதிய வங்கிக்குப் பங்கு ஒன்று 100 டாலர் என்று சட்டமே நிர்ணயித்தது. மாறும் வங்கியின் பங்கு 25 டாலரோ 50 டாலரோ, இருந்தபடியே தொடரலாம்.

மாறுவதற்கு என்னென்ன செய்ய வேண்டும், வரிசையாகச் சொல்லுங்கள்.

முதலில் பங்குதாரர்கள். மூலதனத்தில் மூன்றில் இரண்டு பங்கை வைத்திருப்பவர்கள் இயக்குநர்களுக்கு அதிகாரம் தர வேண்டும். தலை எண்ணிக்கையில் மூன்றில் இரண்டு இல்லை, பங்கு எண்ணிக்கையில். பிறகு இயக்குநர்களில் பெரும்பான்மையினர் இரண்டு ஆவணங்களில் கையெழுத்திடுவார்கள். ஒன்று சங்க விதிகள், அதாவது வங்கியை நடத்தும் விதிகள். மற்றொன்று அமைப்புச் சான்று. வங்கியின் புதிய பெயர், ஊர், மூலதனம், பங்குகளின் எண்ணிக்கை, பங்குதாரர்களின் பெயரும் வசிப்பிடமும், ஒவ்வொருவரின் பங்கு, மூன்றில் இரண்டு பங்கு சம்மதித்தது என்ற அறிவிப்பு ஆகியவை சான்றில் இருக்க வேண்டும். நீதிபதியோ நோட்டரியோ அதை உறுதி செய்து கன்ட்ரோலருக்கு அனுப்ப வேண்டும்.

அடுத்தது பத்திரம். அரசுக் கடன் பத்திரங்களைக் கருவூலத்தில் ஒப்படைத்தால், எல்லாம் சரியாக இருக்கிறதென்று கன்ட்ரோலர் பார்த்து, தொழில் தொடங்கலாம் என்று கையெழுத்தும் முத்திரையும் வைத்த சான்றிதழ் தருவார். அதை உள்ளூர்ப் பத்திரிகையில் 60 நாள் விளம்பரப்படுத்த வேண்டும். பழைய இயக்குநர்கள் அடுத்த தேர்தல் வரை அப்படியே தொடர்வார்கள். கட்டடம், காசாளர், பேரேடு எதுவும் மாறாது. சான்றிதழில் உள்ள எண்தான் வங்கியின் சாசன எண், அதாவது உரிம எண்.

எவ்வளவு பத்திரம் கொடுத்தால் எவ்வளவு நோட்டு கிடைக்கும்?

செலுத்தப்பட்ட மூலதனத்தில் மூன்றில் ஒரு பங்கு, எப்படியும் 30,000 டாலருக்குக் குறையாமல் பத்திரம் ஒப்படைக்க வேண்டும் என்பது 1864 சட்டம். அதற்கு மேலும் கொடுத்து அதிக நோட்டு வாங்கலாம், ஆனால் மொத்த நோட்டு செலுத்தப்பட்ட மூலதனத்தைத் தாண்டக் கூடாது. பத்திரத்தின் சந்தை விலையில் 90 சதவீதம், ஆனால் முகமதிப்பின் 90 சதவீதத்தைத் தாண்டாமல் நோட்டு வரும். 1,00,000 டாலர் பத்திரம், 100 டாலர் முகமதிப்புக்கு 105 என்று விற்றாலும் நோட்டு 90,000 டாலருக்குத்தான். விலை 95-க்கு இறங்கினால் 85,500 டாலர்தான். 1865 மார்ச்சில் இன்னொரு கட்டுப்பாடு வந்தது: பெரிய வங்கிகளுக்கு மூலதனத்தோடு ஒப்பிட்ட உச்சவரம்பு. மூலதனம் 5 லட்சம் டாலர் வரை 90 சதவீதம். அதைத் தாண்டினால் 80, 75 என்று குறைந்து, 30 லட்சத்துக்கு மேற்பட்ட வங்கிகளுக்கு 60 சதவீதம்.

நோட்டுகள் தாள்தாளாக வரும், ஒரு தாளில் பெரும்பாலும் நான்கு. வங்கியின் பெயரும் ஊரும் அச்சாகியிருக்கும், ஆனால் தலைவரும் காசாளரும் பேனாவால் கையெழுத்திட்டால்தான் பணம். சின்ன வங்கிக் காசாளருக்கு இது பல நாள் வேலை. அச்சு தாமதமும் சாதாரணம். முதல் தேசிய வங்கிகள் 1863 ஜூனிலேயே உருவாகிவிட்டன, முதல் நோட்டுகள் வெளிவந்தது அந்த டிசம்பரில்.

பத்திரத்துக்கும் வட்டி, நோட்டைக் கடன் கொடுத்து அதற்கும் வட்டி. இரட்டை லாபம் என்கிறார்களே?

பாதி உண்மை. போர்க்காலக் கணக்கு ஒன்றைப் பாருங்கள். சிறிய ஊர் வங்கி 1,00,000 டாலருக்கு 6 சதவீதப் பத்திரம் வாங்கி ஒப்படைக்கிறது. வருட வட்டி 6,000 டாலர், அதுவும் தங்கத்தில். 1864 கோடையில் 100 தங்க டாலருக்கு அரசே வெளியிட்ட காகிதப் பணமான ‘பச்சை நோட்டு’ 250 டாலருக்கும் மேல் கொடுக்க வேண்டியிருந்ததால் இது சின்ன விஷயமில்லை. நோட்டு 90,000 டாலர் கிடைக்கிறது. அதில் 15 சதவீதம், அதாவது 13,500 டாலர் கையிருப்பாக வைக்க வேண்டும். மீதி 76,500 டாலரை 7 சதவீதத்துக்குக் கொடுத்தால் 5,355. நோட்டு மீதான மத்திய வரி வருடத்துக்கு 1 சதவீதம், ஜனவரியிலும் ஜூலையிலும் பாதிப் பாதி; 900 டாலர் கழிகிறது. தங்கத்தையும் காகிதத்தையும் ஒரே விலையில் எண்ணினாலும் கையில் நிற்பது 10,455. அதே 1,00,000 டாலரை வெறுமனே 7 சதவீதத்துக்குக் கொடுத்திருந்தால் 7,000 மட்டும்.

ஆனால் ஒப்பீடு தவறான இடத்தில் நடக்கிறது. மாநில வங்கியும் சொந்த நோட்டு அடித்து அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. பல மாநிலங்களில் அதற்குப் பத்திர ஈடு இல்லாமலோ, குறைந்த ஈட்டிலோ. ஏற்கெனவே நோட்டு லாபம் பார்க்கிறவருக்கு, இரட்டைப் பொறுப்பும் கடுமையான கையிருப்பும் சேர்ந்து வரும் இந்தப் பேரம் அவ்வளவு கவர்ச்சியில்லை. 1864 இறுதி வரை தேசிய வங்கிகள் சில நூறில் நின்றதற்கு இதுதான் விளக்கம்.

அப்புறம் எப்படி ஒரே வருடத்தில் எல்லோரும் மாறினார்கள்?

10 சதவீத வரி. 1865 மார்ச் 3-ல் வந்த சட்டம், 1866 ஜூலை 1-க்குப் பிறகு எந்த வங்கி மாநில வங்கி நோட்டை வெளியே கொடுத்தாலும் அந்தத் தொகையில் 10 சதவீதம் வரி என்றது. தொடங்கும் தேதி பிறகு ஆகஸ்ட் 1-க்குத் தள்ளிப்போனது. வருடத்துக்கு 10 சதவீதம் என்று பலர் எழுதுகிறார்கள், அது தவறு. வெளியே கொடுக்கும்போதெல்லாம் 10 சதவீதம். முந்தைய கணக்கின் 90,000 டாலர் நோட்டை ஒரு முறை கடனாகக் கொடுத்தால் வரி 9,000. வருட வட்டி 7 சதவீதத்தில் 6,300. வாங்கியவர் செலவு செய்து, நோட்டு திரும்பி வந்து, மறுபடி வெளியே போனால் இன்னொரு 9,000. அந்தத் தொழிலை யாரும் நடத்த முடியாது. வருமானம் ஈட்டும் நோக்கம் இந்த வரிக்கு இருந்ததேயில்லை.

விளைவு உடனே தெரிந்தது. 1865 இறுதிக்குள் உருவான தேசிய வங்கிகள் சுமார் 1,600. அவற்றில் பாதிக்கு மேல் மாறி வந்த மாநில வங்கிகள். 1863-ல் 1,466 ஆக இருந்த மாநில வங்கிகள் 1868-ல் 247.

அப்படி வரி போட மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டா? யாரும் வழக்குப் போடவில்லையா?

போட்டார்கள். மெய்ன் மாநிலத்தின் பாங்கர் நகரிலிருந்த வீசி வங்கி வரி கட்ட மறுத்தது. 1869-ல் உச்ச நீதிமன்றம் வரி செல்லும் என்றது. நாட்டுக்கு ஒரு நாணயத்தை ஏற்படுத்தும் அதிகாரம் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்கு இருந்தால், அதற்குப் போட்டியாக வரும் நோட்டை ஒடுக்கும் அதிகாரமும் உண்டு என்பது வாதம். தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி சால்மன் சேஸ். ஆம், திட்டத்தைப் பெற்றெடுத்த அதே நிதியமைச்சர். நீதிபதிகள் நெல்சனும் டேவிஸும் மாறுபட்டார்கள்.

மாநில அரசு கொடுத்த உரிமத்தை மாநிலத்தின் அனுமதி இல்லாமல் எப்படி விட்டுவிட்டுப் போக முடியும்?

அந்தக் காலத்து வழக்கறிஞர்களுக்கும் இதே சந்தேகம் இருந்தது. சட்டச் சிக்கல் வேண்டாமென்று சில மாநிலங்கள் அனுமதிச் சட்டம் இயற்றின. பென்சில்வேனியா 1864 ஆகஸ்டில், நியூயார்க் 1865 மார்ச் 9-ல். ஆனால் அனுமதி சட்டப்படி தேவையில்லை. 1877-ல் நியூ ஆர்லியன்ஸ் வங்கி ஒன்று பற்றிய கேசி எதிர் கேலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: மாறும் உரிமையை 44-ம் பிரிவே தருகிறது, மாநிலத்தின் சம்மதம் வேண்டியதில்லை.

மாநிலத்துக்குக் கைவிட்டுப் போனது கண்காணிப்பு. வரி முழுதாகப் போகவில்லை. பங்குதாரர்களின் பங்கு மீது மாநிலம் வரி போடலாம், ஆனால் தனிநபர்களிடம் உள்ள மற்ற பண முதலீடுகளுக்குப் போடும் விகிதத்தைத் தாண்டக் கூடாது.

என் கையில் பழைய மாநில வங்கி நோட்டு இருக்கிறது, வங்கி மாறிவிட்டது. பணம் போச்சா?

போகவில்லை. மாறுவதால் வங்கி செத்துப் பிறப்பதில்லை, அதே நிறுவனம் வேறு உரிமத்தில் தொடர்கிறது. டெபாசிட், கொடுத்த கடன், நடக்கும் வழக்கு எல்லாம் கூடவே வரும். நோட்டுக்கும் அப்படியே. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் வங்கி 1865-ல் தேசிய வங்கியானது. பல வருடம் கழித்துப் பழைய நோட்டோடு வந்தவருக்குக் கொடுக்க மறுத்தது. ஆறு வருடக் கெடு வைத்த மாநிலச் சட்டத்தைக் காட்டியது. 1891-ல் உச்ச நீதிமன்றம் கொடுக்கத்தான் வேண்டும் என்றது.

நடைமுறையில் வங்கிகளே பழைய நோட்டுகளை வேகமாகத் திரும்ப எடுத்தன. வெளியே விடும் ஒவ்வொரு முறையும் வரி என்றால், வந்ததை எரித்துவிடுவதே மலிவு.

தேசிய வங்கியே திவாலானால் அதன் நோட்டு?

அரசு முழுத் தொகை கொடுக்கும். ஒப்படைத்த பத்திரத்தை விற்று ஈடுகட்டிக்கொள்ளும், போதாவிட்டால் வங்கியின் மற்ற சொத்துகள் மீதும் அரசுக்கு முதல் உரிமை. 1865-ல் நியூயார்க் மாநிலத்தின் அட்டிகா ஊரின் தேசிய வங்கிதான் முதலில் மூழ்கியது. அதன் நோட்டுகள் அதற்குப் பிறகும் முழு மதிப்பில் சென்றன. டெபாசிட் போட்டவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. இருக்கும் சொத்தைப் பிரித்துக் கொடுப்பதோடு சரி. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மாறிய வங்கிக்கு என்னென்ன தொழில் கைவிட்டுப் போனது?

முக்கியமாக நிலத்தின் மேல் கடன். வீடு, நிலம் அடமானத்துக்குக் கடன் கொடுக்கத் தேசிய வங்கிக்கு அனுமதியில்லை. பழைய கடனுக்காக நிலம் கையில் வந்தால் ஐந்து வருடத்துக்குள் விற்றுவிட வேண்டும். விவசாய மாவட்டங்களில் இது பெரிய அடி. உழவரிடம் ஈடாக வைக்க இருப்பது நிலம் ஒன்றுதானே.

ஒரே ஆளுக்கு மூலதனத்தில் 10 சதவீதத்துக்கு மேல் கடன் கூடாது. சொந்தப் பங்கை ஈடாக வாங்கக் கூடாது. வட்டி, அந்த மாநிலம் அனுமதிக்கும் அளவு; மாநிலத்தில் வரம்பே இல்லாவிட்டால் 7 சதவீதம். மீறினால் வட்டி முழுவதும் பறிபோகும். கையிருப்பு, பெரிய நகரங்களில் நோட்டும் டெபாசிட்டும் சேர்த்து 25 சதவீதம், மற்ற ஊர்களில் 15. அந்த 15-ல் ஐந்தில் மூன்று பங்கைப் பெருநகர வங்கியில் போட்டு வைக்கலாம். இப்படித்தான் நாட்டின் கையிருப்பு நியூயார்க்கில் குவிந்தது.

எந்த இடத்தில் விண்ணப்பங்கள் மாட்டிக்கொண்டன?

பங்குதாரர் கையெழுத்தில் இழுபறி வரும். பங்குகள் இறந்தவர்கள் பெயரிலும் பாதுகாவலர்கள் பெயரிலும் சிதறிக் கிடந்தால் மூன்றில் இரண்டைத் திரட்டுவது எளிதில்லை. மூலதனம் காகிதத்தில் 1,00,000 என்றிருந்து, வாராக்கடன் கழித்தால் அவ்வளவு தேறாத வங்கிக்கும் சிக்கல்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தடை, நாடு முழுவதற்கும் சேர்த்து 30 கோடி டாலர் நோட்டு என்ற உச்சவரம்பு. 1865 மார்ச் சட்டம், செலுத்திய மூலதனம் 75,000 டாலருக்குக் குறையாத மாநில வங்கிகள் அந்த ஜூலை 1-க்குள் விண்ணப்பித்தால் புதிய வங்கிகளை விட முன்னுரிமை என்றது. நியூ இங்கிலாந்திலும் நியூயார்க்கிலும் பழைய வங்கிகள் அதிகம், ஆகவே நோட்டும் அங்கேயே குவிந்தது. போரில் வங்கிகளை இழந்த தென் மாநிலங்கள் வரிசையில் நிற்கும்போது பானை காலி. 1870-ல் 5.4 கோடி கூட்டினார்கள், 1875-ல் உச்சவரம்பையே எடுத்தார்கள்.

கிளைகள் உள்ள வங்கிகளுக்கு ஒரு வழி இருந்தது. மூலதனம் தாய் வங்கிக்கும் கிளைகளுக்கும் திட்டமாகப் பிரிக்கப்பட்டிருந்தால் கிளைகளை வைத்துக்கொண்டே மாறலாம் என்று அதே 1865 சட்டம் சொன்னது. புதிய தேசிய வங்கிக்கு அந்த வசதி இல்லை.

பெயரைப் பார்த்தே இது மாறிய வங்கி என்று சொல்ல முடியுமா?

ஓரளவு. பழைய பெயருக்குள் ‘நேஷனல்’ நுழைந்திருந்தால் அநேகமாக மாறிய வங்கி. நியூயார்க்கின் சிட்டி பேங்க், நேஷனல் சிட்டி பேங்க் ஆனது; கெமிக்கல் பேங்க், கெமிக்கல் நேஷனல் ஆனது. பேங்க் ஆஃப் நியூயார்க் பெயரைத் தொடாமல் கடைசியில் ‘நேஷனல் பேங்கிங் அசோசியேஷன்’ என்று வால் சேர்த்தது. ‘ஃபர்ஸ்ட் நேஷனல்’ என்றிருந்தால் புதியது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மெக்கல்லக் இறங்கி வருவதற்கு முன் வந்தவர்கள் எண்ணைத்தான் பெயராக எடுக்க வேண்டியிருந்தது.

ஒரே ஒரு வங்கி ‘தேசிய’ என்ற சொல்லே இல்லாமல் மாறியது: பிலடெல்பியாவின் பேங்க் ஆஃப் நார்த் அமெரிக்கா, சாசன எண் 602. 1781-லேயே சாசனம் பெற்ற வங்கி என்ற மரியாதை. சாசன எண்ணும் உதவும். பிலடெல்பியாவின் ஃபர்ஸ்ட் நேஷனல் எண் 1. பேங்க் ஆஃப் நியூயார்க் 1393, நேஷனல் சிட்டி 1461. இவை 1865-ன் கூட்டத்தில் வந்தவை என்று எண்ணே காட்டிக்கொடுக்கிறது. 1874 ஜூன் சட்டத்துக்குப் பிந்தைய நோட்டுகளில் எண்ணை முகப்பிலேயே அச்சிட்டிருப்பார்கள். அதற்கு முந்தைய நோட்டில் எண் இல்லாவிட்டால் போலி என்று நினைக்க வேண்டாம்.

மாறாதவர்கள் எல்லாம் அழிந்தார்களா?

1868-ல் பார்த்தவர்கள் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் வரி நோட்டு மீதுதான், வங்கித் தொழில் மீது இல்லை. நோட்டே வெளியிடாமல் டெபாசிட்டும் காசோலையும் வைத்துத் தொழில் செய்தால் 10 சதவீத வரி தொடவே தொடாது. நகரங்களில் காசோலை பரவப் பரவ இதன் பலம் கூடியது. மாநில உரிமத்துக்குக் குறைந்த மூலதனம் போதும், நில அடமானக் கடன் கொடுக்கலாம், கையிருப்பு விதியும் இளக்கம். 1890-களில் மாநில வங்கிகள் எண்ணிக்கையில் தேசிய வங்கிகளை முந்திவிட்டன. அதற்குப் பதிலடியாகத்தான் 1900-ல் 3,000 பேருக்கு மேல் இல்லாத ஊர்களுக்குத் தேசிய வங்கி மூலதனத்தை 25,000 டாலராகக் குறைத்தார்கள்.

கடைசி வரை மாறாத பெரிய பெயர், நியூயார்க்கின் மன்ஹாட்டன் கம்பெனி. 1799-ல் குடிநீர் வழங்க என்று வாங்கிய சாசனத்தில், மிஞ்சும் பணத்தை விருப்பம்போல் பயன்படுத்தலாம் என்று இருந்த ஒரு வரியை வைத்து வங்கி நடத்திய நிறுவனம். அவ்வளவு தாராளமான சாசனத்தை யார் விட்டுக்கொடுப்பார்கள்?

மாறிய பிறகு பிடிக்கவில்லை என்றால் திரும்பிப் போகலாமா?

போகலாம், ஆனால் வந்த வழியே இல்லை. மூன்றில் இரண்டு பங்கு ஓட்டுப் போட்டு வங்கியைத் தானாகக் கலைத்து, பத்திரிகையில் அறிவித்து, வெளியே நிற்கும் நோட்டுக்கு ஈடான பணத்தைக் கருவூலத்தில் கட்டிப் பத்திரங்களை மீட்டு, மாநிலச் சட்டப்படி புதிதாகத் தொடங்க வேண்டும்.

அதுவுமில்லாமல் தேசிய சாசனத்தின் ஆயுள் 20 வருடம்தான். 1863 சட்டத்தில் வந்த வங்கிகள் எந்த மாதம் தொடங்கியிருந்தாலும் 1883 பிப்ரவரி 25-க்கு மேல் ஓட முடியாது. 1864 சட்டத்தில் வந்தவற்றுக்கு அமைப்புச் சான்றில் கையெழுத்தான நாளிலிருந்து கணக்கு. நீட்டிக்க வழி செய்யும் சட்டம் 1882 ஜூலை 12-ல்தான் வந்தது. அதற்கு முன்பே காலாவதி ஆனவர்கள் கலைத்துவிட்டு, அதே பெயரில் புதிய எண்ணோடு மறுபடி தொடங்கினார்கள். ஒரே ஊர், ஒரே பெயர், இரண்டு சாசன எண்கள் என்று பட்டியலில் கண்டால் முதலில் இந்தத் தேதிகளைச் சரிபாருங்கள்.